‘கணக்குச் சரி’ என்று சொல்லப்பட்ட பிறகு

சத்திரசிகிச்சையின்போது நோயாளியின் உடலுக்குள் ஒரு துணியோ கருவியோ விடுபட்டுப் போனது என்ற செய்தி வெளிவரும்போதெல்லாம், “எண்ணிப் பார்க்கவில்லையா?” என்ற கேள்விதான் முதலில் எழுகிறது. கொழும்பில் சத்திரசிகிச்சைக் கூடத் தாதியாகப் பணியாற்றி ஓய்வுபெற்ற என்னிடம் உறவினரும் அயலவரும் இதையேதான் கேட்கிறார்கள். எண்ணிப் பார்த்திருப்பார்கள், பெரும்பாலும் எண்ணிக்கை சரியாகவும் வந்திருக்கும். பொதுமக்கள் மட்டுமல்ல, வைத்தியசாலைகளை நடத்துபவர்களும் இந்த விடயத்தில் விளங்கிக்கொள்ளத் தவறுவது இதைத்தான்.

இப்படியான சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் 1884ஆம் ஆண்டிலேயே பதிவாகியிருக்கின்றன. ஆயினும், அவை எந்தச் சூழ்நிலைகளில் நேர்கின்றன என்பதை ஒப்பிட்டுப் பார்த்த முக்கியமான ஆய்வு 2003ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது. அமெரிக்காவின் போஸ்டன் நகரச் சத்திரசிகிச்சை நிபுணர் அதுல் கவாண்டேயும் அவருடைய சகாக்களும் மசாசூசெட்ஸ் மாநிலக் காப்புறுதிக் கோப்புகளை ஆராய்ந்தபோது, 54 நோயாளிகளின் உடல்களில் 61 பொருட்கள் விடுபட்டிருந்ததைக் கண்டார்கள். அவற்றில் 69 சதவீதமானவை துணிகள், எஞ்சியவை கருவிகள். அவசர சத்திரசிகிச்சையில் இந்த ஆபத்து ஏறத்தாழ ஒன்பது மடங்காகவும், திட்டமிட்ட சிகிச்சை இடைநடுவில் எதிர்பாராத விதமாக மாறும்போது நான்கு மடங்காகவும் இருந்தது. உடற்பருமன் கூடக்கூட ஆபத்தும் கூடியது. என்னை மிகவும் உலுக்கியது வேறொரு தகவல்: எண்ணிக்கை நடத்தப்பட்ட சம்பவங்களில், பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவற்றில் இறுதி எண்ணிக்கை சரி என்றே அறிவிக்கப்பட்டிருந்தது. பின்னர் அமெரிக்காவின் மாயோ கிளினிக் 2003 முதல் 2006 வரையான தனது சொந்தப் பதிவுகளைத் திறந்து பார்த்தபோதும், பொருள் விடுபட்ட 34 சம்பவங்களில் 62 சதவீதமானவற்றில் கணக்குச் சரி என்றே எழுதப்பட்டிருந்தது.

ஆகவே, “இன்னும் கவனமாக எண்ணுங்கள்” என்று சுற்றறிக்கை அனுப்புவதால் மட்டும் இது நின்றுவிடாது. அந்தச் சம்பவங்களில் எண்ணியவர்கள் தாங்கள் கவனமாகவே எண்ணியதாக நம்பினார்கள். பிழையான எண்ணிக்கை ஒன்று எப்படிச் சரியானதாகத் தோற்றமளிக்கிறது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

தியேட்டருக்குள், அதாவது சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள், நடப்பதை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிருமிநீக்கிய அங்கியணிந்து கருவிகளை எடுத்துக் கொடுக்கும் ஸ்க்ரப் தாதியும், வெளியே நின்று தேவையானவற்றைத் திறந்து கொடுக்கும் மற்றத் தாதியும் சேர்ந்து, இருவருக்கும் கேட்கும்படி சத்தமாக எண்ணுவார்கள். வெட்டு வைப்பதற்கு முன் ஒரு தடவை, புதிதாக எதையேனும் திறக்கும்போதெல்லாம், கருப்பை போன்ற ஓர் உறுப்பைத் தைத்து மூடுவதற்கு முன், வயிற்றை மூடத் தொடங்குவதற்கு முன், தோலைத் தைக்கும்போது, இடையில் தாதி மாறினால் அப்போதும் என்று எண்ணிக்கை பல தடவை நடைபெறும். வயிற்றுக்குள் வைக்கும் ‘பேக்’ எனப்படும் பெரிய துணிகளும் ‘ஸ்வாப்’ எனப்படும் சிறிய துணிகளும் ஐந்தைந்தாகவோ பத்துப்பத்தாகவோ கட்டப்பட்டு வரும். ஒவ்வொரு தொகையும் சுவரில் உள்ள வெள்ளைப் பலகையில் எழுதப்படும். கடைசியில் பலகையில் இருக்கும் தொகையும் கையில் இருக்கும் தொகையும் பொருந்தினால், “கணக்குச் சரி” என்று சத்திரசிகிச்சை நிபுணருக்கு அறிவிக்கப்படும்.

இந்த ஒழுங்கில் ஒரு பிழை மட்டும் நேர்ந்தால் அது பிடிபட்டுவிடும். ஐந்து போனது, நான்கு வந்தது என்றால் எல்லோரும் தேடத் தொடங்குவார்கள். ஒன்றையொன்று மறைக்கும் இரண்டு பிழைகள் சேர்ந்து வரும்போதுதான் ஆபத்து உண்டாகிறது. கட்டு ஒன்றில் ஐந்துக்குப் பதிலாக ஆறு இருந்து, அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்காமல் ஐந்து என்று பலகையில் எழுதிவிட்டால், ஒன்று வயிற்றுக்குள் தங்கினாலும் கடைசிக் கணக்குப் பொருந்தும். அவசரத்தில் யாரோ ஒருவர் ஸ்வாப்பை இரண்டாக வெட்டிப் பயன்படுத்தினால், ஒரு துணி இரண்டு தடவை எண்ணப்படும். முந்தைய நோயாளியின் ஸ்வாப் ஒன்று வாளியில் எஞ்சியிருந்தால், அது இந்த நோயாளியின் கணக்கில் வந்து சேரும். இரத்தம் கொட்டுகிற நேரத்தில் திறந்த ஒரு கட்டைப் பலகையில் எழுத மறந்திருந்தால், ஐந்தில் நான்கு மட்டுமே திரும்பி வந்தாலும் அந்தக் குறையைக் காட்ட அங்கே எண் எதுவும் இருக்காது. கத்திக்குத்து அல்லது விபத்து நோயாளி ஒருவரை அவசரமாகக் கொண்டு வரும்போது முதல் எண்ணிக்கையே நடக்காமல் போவதும் உண்டு. ஆரம்பத் தொகை தெரியாதபோது இறுதித் தொகைக்கு எந்தப் பொருளும் இல்லை.

இவற்றோடு மனம் செய்யும் பிழையும் இருக்கிறது. இருபது வரவேண்டும் என்று தெரிந்துகொண்டு எண்ணுகிறவரின் கண்ணுக்கு, இரத்தத்தில் ஊறி ஒட்டிக்கிடக்கும் ஒரு துணிக்கூட்டம் தேவையான அளவுக்கு இரண்டாகவோ மூன்றாகவோ தெரிந்துவிடும். இதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். பல மணி நேரம் நின்றபடி வேலை செய்த ஒருவர், எல்லோரும் விடைக்காகக் காத்திருக்கும்போது, தான் எதிர்பார்த்த எண்ணையே காண்கிறார்.

நான் பணியில் சேர்ந்த காலத்தில் கௌஸ் துணிச் சுருளை நாங்களே வெட்டி, மடித்து, கட்டுக்கட்டாகக் கட்டிக் கிருமிநீக்கத்துக்கு அனுப்புவோம். ஒரு கட்டில் எத்தனை இருந்தன என்பது, அன்று பிற்பகல் அதை மடித்தவரின் களைப்பைப் பொறுத்தது. அந்தத் துணிகளில் எக்ஸ்ரேயில் தெரியும் இழையும் இருக்கவில்லை. உள்ளே விடுபட்டால், படம் எடுத்தாலும் அது அகப்படாது. பேரியம் சேர்ந்த அந்த நீல இழையுள்ள ஸ்வாப்கள் கைக்கு வந்தபோது, விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் தராத நிம்மதியை அது எனக்குத் தந்தது. அதனால்தான் மருந்துகளுக்கும் மருத்துவப் பொருட்களுக்கும் நாடெங்கும் தட்டுப்பாடு ஏற்பட்டு, பேராதனை போதனா வைத்தியசாலையே வழக்கமான சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைக்க நேர்ந்த 2022ஆம் ஆண்டில், ஓய்விலிருந்த என் கவலை அந்த இழையைப் பற்றியதாகவும் இருந்தது. தட்டுப்பாட்டுக் காலத்தில் கிடைத்ததை வைத்துச் சமாளிப்பது நம்மவர்களின் பெருமைக்குரிய திறமைதான். ஆனால் இழையுள்ள துணியும் இழையில்லாத துணியும் ஒரே மேசையில் கலந்துவிட்டால், பிறகு எடுக்கும் எந்த எக்ஸ்ரேயையும் நம்ப முடியாது.

எண்ணிக்கை பொருந்தாதபோது செய்ய வேண்டியது எல்லோருக்கும் தெரியும். மூடுவதை நிறுத்த வேண்டும். மீண்டும் எண்ண வேண்டும். மேசை விரிப்பின் மடிப்பு, தரை, வாளி, அழுக்குத் துணிக்கூடை, காலணியின் அடிப்பகுதி என்று எல்லாம் தேட வேண்டும். சத்திரசிகிச்சை நிபுணர் மீண்டும் உள்ளே கையை விட்டுப் பார்க்க வேண்டும். கிடைக்காவிட்டால் நோயாளி மேசையை விட்டு இறங்குமுன் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். எல்லாம் முடியும்வரை குப்பையோ துணியோ அறையை விட்டு வெளியே போகக் கூடாது. எழுதுவது எளிது. நள்ளிரவில், இரத்த அழுத்தம் தளம்பிக்கொண்டிருக்கும் நோயாளி ஒருவர் மேசையில் இருக்க, எக்ஸ்ரே எடுப்பவரை அழைத்துவிட்டுக் காத்திருப்பது எளிதல்ல. மயக்க மருந்து நிபுணர் மணிக்கூட்டைப் பார்ப்பார். அடுத்த நோயாளி வெளியே தள்ளுகட்டிலில் கிடப்பார். அந்த அறையில் மிகக் குறைந்த அதிகாரம் உள்ளவர்தான், எல்லோரும் நில்லுங்கள் என்று சொல்ல வேண்டியவராக இருக்கிறார்.

இதற்கு ஓர் இரவை உதாரணமாகச் சொல்லலாம். வீதி விபத்தில் மண்ணீரல் சிதைந்த ஓர் இளைஞர். உதவிக்கு நின்றவர் மட்டக்களப்பிலிருந்து முதல் நியமனம் பெற்றுக் கொழும்புக்கு வந்திருந்த தமிழ்ப் பிள்ளை. தியேட்டரில் பேச்செல்லாம் சிங்களத்தில் ஓடும். எண்ணிக்கை மட்டும் ஆங்கில எண்களில் நடக்கும். அந்தப் பிள்ளைக்குச் சிங்களம் அப்போது சரளமாக வராது. வயிற்றை மூடும் நேரத்தில் அவர் பலகையையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த மிகச் சுருக்கமான வழியில், “வன் ஷோர்ட், சேர்” (ஒன்று குறைகிறது) என்றார். முதல் தடவை யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாம் தடவை சற்று உரத்துச் சொன்னார். அந்தச் சத்திரசிகிச்சை நிபுணர் கையில் இருந்த ஊசிபிடிக் கருவியை மேசையில் வைத்தார். அவர் மறுவார்த்தை பேசவில்லை. எங்களை மீண்டும் எண்ணச் சொல்லவும் இல்லை. போட்ட தையல்களை வெட்டிவிட்டுத் தானே உள்ளே தேடினார். மண்ணீரல் இருந்த குழியில், உதரவிதானத்தின் கீழ், இரத்தத்தில் ஊறிச் சுற்றியுள்ள தசையின் நிறமாகவே மாறிவிட்ட பேக் ஒன்று அகப்பட்டது. அதை வெளியே எடுத்து வைத்துவிட்டு, அந்தப் பிள்ளையைப் பார்த்து “தேங்க் யூ, மிஸ்” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

அதற்குப் பிறகு அந்தத் தியேட்டரில் இளையவர்கள் குறைவைச் சொல்லத் தயங்கி நான் பார்க்கவில்லை. கருவியைக் கீழே வைத்துவிட்டு எண்ணிக்கையைக் கேட்கும் வழக்கத்தை அவர் எல்லாச் சத்திரசிகிச்சைகளிலும் கடைப்பிடித்தார். அதன் பயனை நான் பின்னர்தான் முழுமையாக உணர்ந்தேன். நிபுணர் தைத்துக்கொண்டே இருக்கும்போது தாதி அடுத்த நூலையும் கொடுத்து எண்ணிக்கையையும் நடத்த வேண்டியிருக்கிறது. அவர் கை நின்றால்தான் தாதியின் கண் முழுமையாக எண்ணுவதில் நிற்கும். எண்ணச் சொல்வதற்கு முன்பே அவர் தன் கண்ணாலும் கையாலும் வயிற்றின் நான்கு புறமும் துழாவிப் பார்த்துவிடுவார். எண்ணிக்கை தாதியின் வேலை, தேடுவது பிறகு வரும் வேலை என்று பிரித்துப் பார்ப்பதை அவர் ஏற்கவில்லை, நானும் ஏற்கவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட 19 அம்சங்கள் கொண்ட சத்திரசிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில், நோயாளி தியேட்டரை விட்டு வெளியேறுமுன் கருவி, துணி, ஊசி எண்ணிக்கையைத் தாதி வாய்விட்டு உறுதிப்படுத்த வேண்டும் என்பதும் அடங்கும். நல்ல பட்டியல். ஆனால் வாய்விட்டுச் சொல்லும்படி எழுதப்பட்டதை, நோயாளி வாட்டுக்குப் போன பிறகு பேனாவால் புள்ளடியிட்டு நிரப்பினால், அது இல்லாததைவிட மோசமானது. நடக்காத ஒரு செயலுக்கு அது சான்றிதழ் தந்துவிடுகிறது.

செலவின்றிச் செய்யக்கூடிய ஒன்றை, சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த சத்திரசிகிச்சை நிபுணர் வெர்னா கிப்ஸ் நீண்ட காலமாக வலியுறுத்தி வருகிறார். பத்துச் சிறு பைகள் தைத்த பிளாஸ்டிக் தாளை ஒரு தாங்கியில் தொங்கவிட வேண்டும். பயன்படுத்திய ஒவ்வொரு துணியையும் விரித்து ஒரு பைக்கு ஒன்றாக இட வேண்டும். முடிவில் வெறுமையான பை எதுவும் இருக்கக் கூடாது. அதைச் சத்திரசிகிச்சை நிபுணரும் தன் கண்ணாலேயே பார்க்க வேண்டும். எனக்கு இது மிகவும் பிடித்த முறை. ஏனென்றால் இங்கே எண் என்பது ஒருவர் சொல்ல மற்றவர் நம்பும் தகவலாக இல்லாமல், அறையில் உள்ள அனைவரும் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய காட்சியாக மாறிவிடுகிறது. ஒட்டிக்கிடக்கும் இரண்டு துணிகளும் விரிக்கும்போது பிரிந்துவிடும். வெறுமையாக இருக்கும் பையைக் காட்டுவதற்குப் புதிதாக வந்த தாதிக்குச் சிங்களமோ ஆங்கிலமோ தேவையில்லை. விரலை நீட்டினால் போதும்.

தொழில்நுட்பமும் உதவுகிறது என்பதை மறுக்கவில்லை. ஒவ்வொரு துணியிலும் குறியீடு பொறித்து, உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கருவியால் வாசிக்கும் முறையை மாயோ கிளினிக் அறிமுகப்படுத்திய பிறகு, முதல் 18 மாதங்களில் அங்கு ஒரு துணிகூட உள்ளே விடுபடவில்லை. வானொலி அலைச் சில்லுப் பொருத்திய துணிகளும் உண்டு. உடலின் மேல் ஒரு கோலை நகர்த்தினால், உள்ளே இருப்பதை அது காட்டிக்கொடுக்கும். இலவச சுகாதார சேவையை நடத்தும் நமது அரசாங்க வைத்தியசாலைகளுக்கு இவை எல்லா மேசைகளுக்கும் இன்று கட்டுப்படியாகாது. கொழும்பின் தனியார் வைத்தியசாலைகள் இவற்றை வாங்கினால் நான் மகிழ்வேன். அரசாங்கத் தியேட்டர்களுக்கு நான் முதலில் கேட்பது இழையுள்ள துணிகளின் தடையற்ற விநியோகம், தொங்கும் பைத்தாள், இரவிலும் அழைத்தவுடன் வரக்கூடிய எக்ஸ்ரே சேவை ஆகியவற்றையே. எக்ஸ்ரேயும் எல்லாவற்றையும் காட்டாது. 10 மில்லிமீற்றருக்கும் குறைவான ஊசிகள் பெரும்பாலும் தென்படுவதில்லை. எதைத் தேடுகிறோம் என்று படத்தை வாசிப்பவரிடம் சொல்லாவிட்டால், துணியின் இழைகூடக் கண்ணில் படாமல் போகலாம்.

எண்ணிக்கைப் பட்டியலில் இல்லாத பொருளைப் பற்றி நியூசிலாந்தின் சம்பவமொன்று நிறையச் சொல்கிறது. 2020ஆம் ஆண்டு ஒக்லண்ட் நகர வைத்தியசாலையில் சிசேரியன் செய்யப்பட்ட ஒரு தாயின் வயிற்றில், வெட்டை விரித்துப் பிடிக்கும் வளைய வடிவ உபகரணம் ஒன்று விடுபட்டுப் போனது. அது ஒரு சாப்பாட்டுத் தட்டளவு பெரியது. 18 மாதங்கள் அவர் வலியோடு வைத்தியர்களிடம் போனார். எக்ஸ்ரேயில் தெரியாத பொருளால் ஆனதால், கடைசியில் சீ.ரி. ஸ்கேன்தான் அதைக் காட்டியது. அதன் ஒரு பகுதி எப்போதும் உடலுக்கு வெளியே இருக்கும், ஆகவே அது உள்ளே போக வாய்ப்பில்லை என்ற எண்ணத்தில் அதை எண்ணும் வழக்கமே அங்கு இருக்கவில்லை. 2023இல் அந்நாட்டுச் சுகாதார ஆணையாளர், நோயாளியின் உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பளித்தார். இவ்வளவு பெரியதை எப்படி விட்டார்கள் என்று வியப்பவர்களுக்கு எனது பதில் இதுதான்: மேசைக்கு வரும் எதையும், அளவைப் பாராமல், எண்ண வேண்டும். “இது உள்ளே தங்காது” என்ற தீர்மானத்தை யாரும் முன்கூட்டி எடுக்கக் கூடாது.

இலங்கையில் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலைகளில்தான் நடைபெறுகின்றன. அதனால் பிரசவ அறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிரசவத்தின்போது ஏற்பட்ட கிழிவையோ வெட்டையோ தைக்கும்போது, இரத்தம் மறைக்காமலிருக்க யோனிக்குள் ஒரு ஸ்வாப் வைப்பார்கள். அங்கே ஸ்க்ரப் தாதி இல்லை, வெள்ளைப் பலகை இல்லை. தைப்பவர் தனியாளாக இருப்பதும் உண்டு. குழந்தை அழும், அடுத்த கட்டிலில் இன்னொரு தாய் அழைப்பார். பெரிய நாடுகளின் பதிவுகளிலும் யோனியில் விடுபடும் ஸ்வாப்கள் தொடர்ந்து காணப்படுகின்றன. தைக்கத் தொடங்குமுன்னும் தைத்து முடித்த பின்னும் ஒருவர் சாட்சியாக நிற்க எண்ணுவதும், வால்போன்ற நாடா தைத்த ஸ்வாப்பை மட்டும் உள்ளே வைத்து நாடாவை வெளியே கவ்விப் பிடித்து வைப்பதும், நோயாளியின் சிகிச்சைப் பதிவான டிக்கெட்டில் இரண்டு எண்ணிக்கைகளையும் எழுதுவதும் இதற்குப் போதும். வீட்டுக்கு வரும் மருத்துவமாதுவிடம், ஸ்வாப் விடுபட்டதற்கு அறிகுறியாகக்கூடிய துர்நாற்றத்தைப் பற்றிச் சொல்லத் தாய்மார் கூச்சப்படக் கூடாது. மருத்துவமாதுவும் அதைத் தானாகவே கேட்க வேண்டும்.

வேண்டுமென்றே உள்ளே விடப்படுபவையும் உண்டு. கல்லீரல் சிதைந்து இரத்தம் நிற்காத நோயாளிக்கு, பேக்குகளை உள்ளே அழுத்தி வைத்து, வயிற்றைத் தற்காலிகமாக மூடி, நிலை சீரான பிறகு மீண்டும் திறந்து எடுப்பது உயிர்காக்கும் முறையாகும். இரண்டாம் தடவை திறப்பவர் வேறு குழுவாக இருக்கலாம். முதல் குழு எத்தனை வைத்தது என்பது எழுத்தில் இல்லாவிட்டால், இரண்டாம் குழுவின் கணக்கு எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் அது வேறொரு சத்திரசிகிச்சையின் கணக்காகவே இருக்கும்.

உள்ளே தங்கிய துணியை உடல் இரண்டு விதமாக எதிர்கொள்ளும். சிலருக்குச் சில நாட்களிலோ வாரங்களிலோ காய்ச்சலும் சீழும் உண்டாகும்; இவர்கள் ஒருவகையில் அதிர்ஷ்டசாலிகள், ஏனெனில் காரணம் விரைவில் தேடப்படும். வேறு சிலருக்கு உடல் அந்தத் துணியைச் சுற்றித் தடித்த நார்ச்சுவரை எழுப்பி அடக்கிவிடும். ஆண்டுகள் கழித்து அது ஸ்கேனில் கட்டி போலத் தெரியும். குடலை அரித்து உள்ளே நுழைந்து அடைப்பை ஏற்படுத்தவும் கூடும். இடைப்பட்ட காலத்தில் அந்த நோயாளி எத்தனை தடவை “காஸ்ரைற்றிஸ்” (இரைப்பை அழற்சி) என்று மருந்து வாங்கியிருப்பார் என்பதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை. குறிப்பாக, வவுனியாவிலிருந்தோ மலையகத் தோட்டமொன்றிலிருந்தோ கொழும்புக்கு அனுப்பப்பட்டு, சத்திரசிகிச்சை முடிந்து ஊர் திரும்பிய ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். அவருடைய டிக்கெட் கொழும்பு வைத்தியசாலையின் பதிவறையில் தங்கிவிடும். அவர் கையில் இருப்பது ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நோய் நிர்ணய அட்டை மட்டுமே. வலி தொடங்கினால் அவர் பக்கத்தில் உள்ள வைத்தியசாலைக்குத்தான் போவார்; பழைய சத்திரசிகிச்சையைப் பற்றி அங்கே யாரும் கேட்காவிட்டால் அவரும் சொல்ல மாட்டார்.

நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் நான் சொல்வது: அந்த அட்டையைத் தொலைக்காதீர்கள், எத்தனை ஆண்டுகள் ஆனாலும் வயிற்று வலிக்காக வைத்தியரிடம் போகும்போது அதை எடுத்துச் செல்லுங்கள், “இந்தச் சத்திரசிகிச்சைக்குப் பிறகுதான் தொடங்கியது” என்று தெளிவாகச் சொல்லுங்கள். இதைச் சொல்வது யாரையும் குற்றம் சாட்டுவதாகாது.

சுகாதார அமைச்சிடம் ஒரு சிறிய மாற்றத்தைக் கேட்கிறேன். அந்த அட்டையில் மூன்று மொழிகளிலும் அச்சிட்ட ஒரு பகுதி சேர்க்கப்பட வேண்டும். ஆரம்ப எண்ணிக்கை நடந்ததா, இறுதி எண்ணிக்கை பொருந்தியதா, பொருந்தாவிட்டால் எக்ஸ்ரே எடுக்கப்பட்டதா, உள்ளே வைக்கப்பட்டவை எவை, எடுக்க வேண்டிய திகதி எது என்பவற்றை அதில் எழுத வேண்டும். அவசரத்தில் ஆரம்ப எண்ணிக்கை நடக்கவில்லை என்றால் “நடக்கவில்லை” என்று அச்சமின்றி எழுத இடமிருக்க வேண்டும். அதை எழுதிய தாதிமீது விசாரணை வைக்கக் கூடாது. விசாரணைக்குப் பயந்து “சரி” என்று எழுதப்படும் அட்டையைவிட, “நடக்கவில்லை” என்று எழுதப்பட்ட அட்டை நோயாளிக்கு ஆயிரம் மடங்கு பயனுள்ளது. அதைப் பார்க்கும் வவுனியா வைத்தியருக்கோ நுவரெலியா வைத்தியருக்கோ, இந்த வயிற்றுக்கு ஒரு படம் எடுத்துப் பார்க்கக் காரணம் அங்கேயே எழுத்தில் இருக்கும்.